எண்ணெய்க்குத் தெளியாத வெண்மை

மகளே, இதை நீ படிக்கும்போது வளர்ந்தவளாக இருப்பாய். படிக்கவோ வேலைக்கோ கல்யாணமாகியோ இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டைவிட்டு நீ கிளம்பும் நாளில் உன் கையில் கொடுக்கச் சொல்லி உன் அம்மாவிடம் தந்துவிட்டுப் போகிறேன். இன்றைக்கு உனக்கு இரண்டு வயது. நாளைக்கு நான் குஜராத்துக்கு ரயில் ஏறுகிறேன். அங்கே ஒரு பெரிய பிளாஸ்டிக் பிலிம் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. எப்போது திரும்புவேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. நீ போட்டிருக்கும் கனத்த கண்ணாடிக்குக் காரணம் நான்தான். உனக்குப் பேச்சு வராத காலத்தில் உனக்காக ஒரு முடிவெடுத்தேன். அது சரியா தப்பா என்று நீ தீர்ப்புச் சொல்லலாம், உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் என்ன நடந்தது என்பதை ஊரார் வாயால் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. இழுத்துக்கொண்டே போனால் எரிச்சல் வரும். இருந்தாலும் இதை மட்டும் நிதானமாக எழுத முயல்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் கதை அதில்தான் போய் நிற்கிறது. ராஜபாளையம் முழுக்க நூல் ஆலைகள். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு கொட்டகையில் பிளாஸ்டிக் பிலிம் போடுகிறார்கள். சென்னையில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவன் என்று என்னை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளைக் குருணை போல மூட்டையில் வரும் பிளாஸ்டிக்கை உருக்கி, குழாயாக ஊதி, தண்ணீரில் சட்டென்று குளிரவைத்துத் தட்டையாக்கினால் பிலிம். அந்த நிலையில் அது கொஞ்சம் தொளதொளவென்று, கொஞ்சம் மங்கலாக இருக்கும். அதைச் சூடான ரோலர்கள்மேல் ஓடவிடுவோம். பின்னால் இருக்கும் ரோலர் மெதுவாகச் சுற்றும், முன்னால் இருப்பது பல மடங்கு வேகமாகச் சுற்றும். நடுவில் மாட்டிக்கொண்ட பிலிம் இழுபடும். இழுபட இழுபட மெலியும், விறைக்கும், பளபளப்பு ஏறும், கண்ணாடிபோல் தெளியும். குளிர்ந்த பிலிமுக்குள் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் உருண்டை உருண்டையாக இருக்கும், அவைதான் வெளிச்சத்தைச் சிதறடிப்பவை. சரியான சூட்டில் இழுத்தால் அவை உடைந்து ஒரே திசையில் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். பிறகு வெளிச்சம் நேராகப் போகும். இவ்வளவுதான் விஷயம்.

சூடு தப்பினால் கதை மாறிவிடும். போதிய சூடில்லாமல் இழுத்தால் பிலிமுக்குள்ளேயே நுண்ணிய வெற்றிடங்கள் திறந்துகொள்ளும். பிலிம் வெண்மையாக, முத்துச்சிப்பி மாதிரி ஆகிவிடும். தண்ணீர் போதிய குளிர்ச்சியில்லாமல் பிலிம் மெதுவாக ஆறியிருந்தாலோ உள்ளே வேறு வகைப் படிகம் உண்டாகியிருக்கும். அப்புறம் இழுக்கும்போது மேல்பரப்பெல்லாம் குட்டிக் குட்டிப் பள்ளம் விழும். அதுவும் பார்வைக்கு வெண்மைதான். இரண்டு வெண்மையையும் கையில் கொடுத்தால் புதியவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று மேலே இருக்கிற குற்றம், இன்னொன்று உள்ளே இருக்கிற குற்றம். கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் எங்களிடம் இல்லை. ஒரு சொட்டு விளக்கெண்ணெயை விரலால் இரண்டு பக்கமும் தடவி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்போம். எண்ணெய் பள்ளங்களை நிரப்பும். குற்றம் மேல்பரப்பில் என்றால் தடவிய இடம் மட்டும் தண்ணீர்போலத் தெளியும். உள்ளே என்றால் எத்தனை தடவினாலும் அப்படியேதான் இருக்கும்.

உன் தாத்தாவுக்கு இந்தச் சோதனை நன்றாகத் தெரியும். உன் அம்மாவைப் பெற்றவர், தேரடிக்குப் பக்கத்தில், வீட்டின் முன்கட்டிலேயே பால்கோவா கடை வைத்திருப்பவர். கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை வேலை பார்க்கிற ஆலை என்பதற்காகவே எங்களிடம் பிலிம் வாங்கத் தொடங்கினார். அட்டைப்பெட்டியின் மூடியில் சதுரமாக ஒரு சன்னல் வெட்டி உள்பக்கம் பிலிம் ஒட்டுவார்கள், வாங்குகிறவர் கண்ணுக்குப் பால்கோவா தெரிய வேண்டும் என்று. ஒரு தடவை மங்கலான சரக்கு போய்விட்டது. நான் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, சாப்பாடு போடுவதற்கு முன்பே பெட்டியைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

“மாப்ள, இத வச்சு மூடுனா இன்னைக்குக் கிண்டுன சரக்கு முந்தாநாத்துச் சரக்கு மாதிரி இருக்கு. நான் பால்கோவா விக்கேனா, பூசணம் விக்கேனா?”

நான் வீட்டுக்குள்ளிருந்து விளக்கெண்ணெய்க் குப்பியை வாங்கிப் பிலிமின் இரு பக்கமும் தடவிக் காட்டினேன். தடவிய இடத்தில் பால்கோவா பளிச்சென்று தெரிந்தது. “அப்ப பொட்டிக்குப் பொட்டி எண்ண தடவி அனுப்புவீகளோ?” என்று கேட்டார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல், இது மேல்பரப்புக் குற்றம், தண்ணீரை இன்னும் குளிரவைத்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். அடுத்த சரக்கு சரியாக வந்தது. அதிலிருந்து அவர் எந்தச் சுருளையும் எண்ணெய் தடவிப் பார்க்காமல் வாங்கியதில்லை. ஒரு தடவை எண்ணெய்க்கும் தெளியாத சுருள் ஒன்று போனது. அதை அவரே ஓரமாக வைத்து, “இது உள்ள கெட்டது மாப்ள, எடுத்துட்டுப் போங்க” என்றார். அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள். பிறகு நடந்ததெல்லாம் அந்த வார்த்தையைப் பற்றிய சண்டைதான்.

நீ பிறந்தது தாத்தா வீட்டில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். மூன்று மாதம் முடிந்து, நல்ல நாள் பார்த்து, முறைப்படி மாமனார் வீட்டிலிருந்து கொண்டுவந்து விடும்வரை பிள்ளையும் தாயும் வாசல்படி தாண்டுவதில்லை. அதுவரை பெற்ற அப்பன் வெறும் விருந்தாளி. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருவேன், உன்னை மடியில் வைப்பார்கள், செத்த நேரம் பார்ப்பேன், சாப்பிட்டுவிட்டுப் போவேன். முதல் இரண்டு தடவை நீ தூங்கிக்கொண்டே இருந்தாய். மூன்றாம் தடவை கண் திறந்திருந்தாய். சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்கப் பிலிமை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துப் பழகியவன் கை தானாகவே உன்னையும் கொஞ்சம் சாய்த்தது. உன் இரண்டு கருவிழிகளின் நடுவிலும் ஒரு வெண்மை. கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கலந்த வெள்ளை. இடது கண்ணில் அதிகமாக. விரலை ஆட்டினேன். உன் கண் என் விரலோடு வரவில்லை. எங்கேயும் போகவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவளும் கவனித்திருக்கிறாள், வாய்விட்டுச் சொல்லப் பயந்திருக்கிறாள். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தாய்ப்பால் கண்ணில் தெறித்துப் படிந்திருக்கும் என்றார்கள். பச்சைப் பிள்ளைக்குப் பார்வை நிலைக்க நாளாகும் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். தாத்தா வத்திராயிருப்பிலிருந்து ஒரு வைத்தியரை வரவழைத்தார். தாத்தாவுக்கு வெகுநாளாக இருந்த கண்சிவப்பைக் குணப்படுத்தியவர் அவர். விளக்கெண்ணெயில் ஏதோ தழை போட்டுக் காய்ச்சி, காலையும் மாலையும் கண்ணில் விடச் சொல்லி, ஒரு மண்டலத்தில் தெளியும் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா விட்டாள். நான் அடுத்த ஞாயிறு வந்து பார்த்தேன், அதற்கடுத்த ஞாயிறும் பார்த்தேன். இமையெல்லாம் எண்ணெய், நடுவில் அதே வெண்மை.

இதற்கிடையில் ராஜபாளையத்தில் ஒரு கண் டாக்டரிடம் போய் நான் பார்த்ததைச் சொன்னேன். பிள்ளையைக் கொண்டுவராமல் என்ன சொல்ல முடியும் என்று முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு, நீ சொல்வது சரியாக இருந்தால் அது பிறவிக் கண்புரை, மதுரைக்குக் கொண்டு போ, ஒரு வாரம்கூட வீணாக்காதே என்றார். ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டேன். அவர் சொன்னது என் தலையில் ஆணிபோல இறங்கிவிட்டது. பார்க்கக் கற்றுக்கொள்வது கண் இல்லை, மூளை. கண் வழியாக உருவம் வந்து விழுந்தால்தான் மூளை கற்கும். அதற்கு ஒரு பருவம் இருக்கிறது. அந்தப் பருவம் முழுக்க வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால், பின்னாளில் திரையை எடுத்தாலும் மூளைக்குப் பார்க்கத் தெரியாது. அதாவது, மூன்று மாதம் முடியட்டும், மண்டலம் முடியட்டும் என்று நாங்கள் காத்திருந்த ஒவ்வொரு வாரமும் உன் பார்வையிலிருந்து கழிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆலையில் சொல்லிவிட்டு நேராகப் பஸ் ஏறினேன். பையில் இரண்டு துண்டுப் பிலிம். ஒன்று மேல்பரப்பு கெட்டது, இன்னொன்று உள்ளே கெட்டது. கடையில் கூட்டமில்லை, தாத்தா கல்லாவில் இருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கத்தி வைப்பதா என்று அவர் முகம் வெளுத்துவிட்டது. அவரை நான் குற்றம் சொல்லவில்லை மகளே. கைப்பிடி அளவு உடம்பு உனக்கு. அவர் பயந்தது உன் உயிருக்கு. நான் பயந்தது உன் கண்ணுக்கு. இரண்டு பேரும் உன் பக்கம்தான் நின்றோம், அதனால்தான் அந்தச் சண்டை அவ்வளவு மோசமாக இருந்தது.

பிலிம்களை எடுத்து வைத்தேன். வைத்தியர் காய்ச்சிக் கொடுத்த அதே எண்ணெயைக் கொண்டுவரச் சொன்னேன். அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பியோடு கடைவாசல் வரை வந்தாள். இரண்டு பிலிமிலும் தடவினேன். ஒன்று தெளிந்தது. இன்னொன்று தெளியவில்லை.

“இத நீங்களே எனக்குச் சொல்லியிருக்கீங்க மாமா, உள்ள கெட்டதுன்னு. பிள்ளை கண்ணு எப்பவும் ஈரமாத்தான் இருக்கு. கண்ணீரும் எண்ணெயும் படாத நேரமே இல்ல. மேல இருக்கிற வெள்ளைன்னா எப்பவோ தெளிஞ்சிருக்கணும்.”

தாத்தா பிலிமைப் பார்க்கவே இல்லை. “பிளாஸ்டிக்கும் பிள்ளையும் ஒண்ணா மாப்ள?” என்றார். குரல் உயரவில்லை. “பிலிமு வீணாப் போனா மறுபடி உருக்கிப் போட்டுக்கிடுவீக. இவ போயிட்டா எங்க போயி உருக்குவீக?”

பிலிமும் பிள்ளையும் ஒன்றில்லைதான். உள்ளே வெளுத்த பிலிமை எங்களால் சரிசெய்யவே முடியாது, கழிவில் போடுவோம். கண்ணுக்குள் வெளுத்த வில்லையை, அந்த லென்ஸையாவது எடுத்துப் போட முடியும். அந்த அளவில் பிலிமைவிடக் கண் மேல். ஆனால் இதை அன்று சொல்லத் தோன்றவில்லை. கத்திவிட்டேன். மூன்று மாதக் கணக்கையும் முறையையும் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினேன். உனக்குப் புத்தி சொல்லும் கடிதம் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். விஷயம் உன் பக்கம் சரியாக இருக்கும்போது குரலை உயர்த்தாதே. உயர்த்தியதும் எல்லோரும் உன் குரலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். விஷயம் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

விஷயத்தைத் திரும்ப நடுவில் கொண்டுவந்தது உன் அம்மா. நான் கத்தி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கல்லாமேல் கிடந்த இரண்டு பிலிமையும் எடுத்தாள். ஒவ்வொன்றாகத் தெருப்பக்கம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். தெளியாத பிலிமில் தன் சேலைத் தலைப்பால் எண்ணெயைத் துடைத்தாள், மறுபடி தடவினாள், மறுபடி பிடித்தாள். பிறகு உன் முகத்தைத் தோளிலிருந்து எடுத்து அதே வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவள் இல்லை, ஆனால் படித்த நான் செய்த அதே சோதனையைத் தன் கையால் ஒரு தடவை செய்து பார்க்காமல் அவள் முடிவெடுக்கவில்லை.

“நான் போறேன்ப்பா” என்றாள் தாத்தாவிடம். “முறை தப்புனா அது எம்மேல வரட்டும். இவ கண்ணுல வர வேண்டாம்.”

அடுத்த நாள் காலையில் கிளம்பினோம். மடவார் வளாகம் வழியாகத்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். வைத்தியநாதர் கோயில் வாசலில் உன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதுரை பஸ் போய்விடும் என்று நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். “செத்த நேரம் பொறுங்க, ஒங்க அவசரம் சாமிக்கும் தெரியும்” என்றாள். பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்த பஸ்ஸில் போனோம். தாத்தா வழியனுப்ப வரவில்லை.

மதுரையில் டாக்டர் ஒரு பெண். உன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டார். கண்ணுக்குள் இருக்கிற வில்லையே வெளுத்திருக்கிறது, இரண்டையும் எடுத்துவிட வேண்டும், வில்லை இல்லாத குறையைக் கனத்த கண்ணாடி ஈடுசெய்யும் என்று விளக்கினார். பார்வை வந்துவிடுமா என்று அம்மா கேட்டாள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் வெளிச்சத்துக்கு வழிதான் விட முடியும். பாக்குறத அவதான் கத்துக்கணும். நீங்க கத்துக்கொடுக்கணும்.” பூசி மெழுகாத அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. உன்னை உள்ளே கொண்டுபோனபோது நான் வராந்தாவில் நின்றேன். அந்த நேரத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தாத்தா கேட்ட கேள்வி மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கே போய் உருக்குவீர்கள்.

நீ திரும்பி வந்தாய். வலது கண் நன்றாகத் தேறியது. கண்ணாடி போட்ட சில வாரங்களில் விளக்கைப் பார்த்தாய், அப்புறம் கையை, அப்புறம் அம்மா முகத்தை. இடது கண்ணில் வெண்மை போய்விட்டதே தவிர பார்வை ஏறவில்லை. முதலிலிருந்தே அதிகம் மூடியிருந்த கண் அது. மூளை அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது என்றார் டாக்டர். அதற்கு ஒரே வழி, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைப்பது. வேறு வழியில்லாமல் மூளை இடது கண்ணைக் கேட்கத் தொடங்கும். பஞ்சு வைத்த ஒட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். காலையில் வலது கண்ணில் ஒட்ட வேண்டும், அதன்மேல் கண்ணாடி, கண்ணாடி விழாமல் தலைக்குப் பின்னால் ஒரு ரப்பர் நாடா. சில வருடங்களுக்கு இதுதான் வேலை. அந்த வருடங்கள் போய்விட்டால் பிறகு ஒட்டியும் பயனில்லை.

கண்ணாடியோடு உன்னை முதன்முதலில் வெளியே கொண்டுபோனபோது பஸ்ஸில் ஒரு வயதான அம்மாள் அம்மாவைப் பார்த்து, “ஏட்டி, பொம்பளப் பிள்ளைக்கு இப்பவே சோடாபுட்டியா? நாளைக்கு எவன் கெட்டுவான்?” என்று கேட்டாள். நான் திரும்பிச் சண்டைக்குத் தயாரானேன். அம்மா என் கையை அழுத்திவிட்டுச் சொன்னாள், “கெட்டுறவன் மூஞ்சிய மொதல்ல இவ பாக்கட்டும் ஆச்சி. பிடிச்சிருந்தா பொறவு அவன் பாக்கட்டும்.” அந்த அம்மாளே சிரித்துவிட்டாள், நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். உன் கண்ணாடியைப் பற்றி யாராவது உன்னிடம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருந்த பதில் எதுவும் இதற்கு ஈடாகாது. எனவே என்னிடம் கற்றுக்கொள்ளாதே, அவளிடம் கற்றுக்கொள்.

தாத்தா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். உன்னோடு அல்ல. நீயும் அம்மாவும் மதுரைக்கு மாதம் ஒரு தடவை போய்வர வேண்டியிருந்ததால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்தீர்கள். நான் பழையபடி ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. நீ தவழ்ந்தது, எழுந்தது, நடந்தது எல்லாம் தாத்தாவின் கடைக்குள்தான். பால் காயும் அடுப்புப் பக்கம் நீ போகாமல் அவர் வேட்டி நுனியை உன் கையில் கொடுத்துவிடுவாராம். அதைப் பிடித்துக்கொண்டே அவர் போகிற இடமெல்லாம் போவாயாம். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவரால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்று, அந்த ஒட்டு. அதை ஒட்டியதும் உன் உலகம் பாதிக்கு மேல் மறைந்துவிடும். சுவரில் முட்டுவாய், அழுவாய், பிய்க்கப் பார்ப்பாய். அம்மா ஒட்டிவிட்டு உள்ளே வேலையாகப் போனதும் அவர் மெதுவாக அதை எடுத்துவிடுவார். இது எங்களுக்குப் பல மாதம் தெரியாது. இடது கண்ணில் முன்னேற்றமே இல்லையே என்று மதுரையில் டாக்டர் துருவித் துருவிக் கேட்டபோதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. நான் கேட்டபோது தாத்தா மறைக்கவில்லை. பேச்சை நிறுத்தியிருந்தவர் அதற்காக வாயைத் திறந்தார்.

“ஒரு கண்ணு தெரியுதுல்ல மாப்ள. அது போதாதா? செத்த கண்ணுக்காகத் தெரியுற கண்ணையும் மூடி, பிள்ளய அழவிட்டு, எம்புட்டுத்தான் படுத்துவீக?”

செத்த கண் இல்லை என்று சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒட்டை எடுப்பதை நிறுத்தவில்லை. அவர் வெளியே போகிற நேரங்களில் மட்டும் அம்மா ஒட்டைத் திரும்ப ஒட்டி உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, பிடிவாதக்காரரும் இல்லை. தன் கண்ணால் பார்க்காததை அவரால் நம்ப முடியாது, அவ்வளவுதான். எண்ணெய் தடவிப் பார்க்காமல் பிலிம் வாங்காத ஆள். நம்பாத ஒன்றுக்காக உன்னை அழவிட அவருக்கு மனம் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் குஜராத் வேலை வந்தது. இங்கே எங்கள் ஆலையில் பிலிமை ஒரு திசையில் மட்டும்தான் இழுக்க முடியும். அப்படி இழுத்தது, இழுத்த வாக்கில் விறைப்பாக இருக்கும், ஆனால் வாழையிலைபோல அந்த வாக்கிலேயே கிழிந்துவிடும். அங்கே நீளத்திலும் அகலத்திலும் இழுக்கிற இயந்திரம். படித்த படிப்புக்கு ஒரு தடவையாவது அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. மதுரை டாக்டரை விட்டுவிட்டு உங்களை அழைத்துப்போக முடியாது. நான் போனால் உன் இடது கண் தாத்தாவின் கையில் விடப்படும். அம்மா எந்நேரமும் உன் பக்கத்திலேயே உட்கார முடியாது. இந்த வீட்டில் நாள் முழுக்க உன்னைக் கையில் வைத்திருப்பவர் அவர்தான். வேலையை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

இன்று காலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா உனக்கு ஒட்டு ஒட்டி, கண்ணாடி மாட்டி, கடையின் பின்கட்டில் இறக்கிவிட்டாள். பிறகு என்னையும் தாத்தாவையும் அங்கே கூப்பிட்டாள். “ரெண்டு பேரும் அந்தச் சொவத்தோரமா நில்லுங்க. பேசக் கூடாது. அசையக் கூடாது” என்றாள். தாத்தா, என்னம்மா இது விளையாட்டு என்றார். “விளையாட்டில்லப்பா. நீங்க ஒங்க கண்ணால பாத்தாத்தான நம்புவீக. பாருங்க.”

அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் புத்தி உடனே அந்தச் சோதனையின் ஓட்டைகளை அடைக்கப் பார்த்தது. தாத்தாவின் தோளில் இருந்த துண்டை எடுக்கச் சொன்னேன். இரண்டு பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஏறக்குறைய ஒரே உயரம். பால் வாசனை அந்தக் கட்டு முழுக்க நிறைந்திருந்தது, வாசனை பிடித்து நீ யாரையும் கண்டுபிடித்துவிட முடியாது. ஒட்டு நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். வலது கண்ணுக்கு வெளிச்சம் போக வழியே இல்லை. அந்தக் கோடியில் நீ நின்றாய், இந்தக் கோடியில் நாங்கள் நின்றோம். செத்துவிட்டது என்று அவர் சொன்ன கண் மட்டும் எங்களைப் பார்த்துத் திறந்திருந்தது.

முதலில் நீ அழத்தான் முகத்தைச் சுளித்தாய். கையை ஒட்டுக்குக் கொண்டுபோனாய். தாத்தா ஒரு அடி முன்னால் வைக்கப்போனார், அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு நீ தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாய். என்னைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய், மறுபடி என்னைப் பார்த்தாய். நடக்கத் தொடங்கினாய். என் பக்கமாகத்தான் வந்தாய். என் காலருகே வந்து, அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாய். பிறகு என்னைத் தாண்டிப் போய் தாத்தாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாய்.

நான் இன்னொரு தடவை செய்ய வேண்டும் என்றேன். ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம். நாங்கள் இடம் மாறி நின்றோம். அம்மா உன்னைத் திரும்பக் கோடியில் விட்டாள். இந்தத் தடவை நீ யோசிக்கக்கூட இல்லை. நேராக அவரிடம் போனாய்.

இதை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணே தெரியாவிட்டால் உனக்கு நானும் அவரும் ஒன்றுதான், இரண்டு வெள்ளை உருவம். முகம் தெரிந்ததால்தான் நான் இல்லை என்று உனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியைத் தள்ளிவிட்டுத் தினமும் பார்க்கிற முகத்தைத் தேர்ந்தெடுத்தாய். எத்தனையோ சோதனை செய்திருக்கிறேன், இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைத்ததில்லை. சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், பட்டேன். வலித்ததா என்று கேட்டால், அதுவும்தான். பின்னாளில் எப்போதாவது உன்னைத் தேர்ந்தெடுக்காமல் ஒருவர் தாண்டிப் போனால், அவர் கண் சரியாகத் தெரிந்துதான் போகிறார் என்றால், வழிவிட்டு நில்.

தாத்தா குனிந்தார். உன் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்து, அந்த இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ அவர் மூக்கைத் தொட்டாய். சரியாகத் தொட்டாய், தடவித் தேடவில்லை. நீ மறுபடி ஒட்டைப் பிய்க்கக் கையைத் தூக்கினாய். ஒரு ஓரம் பிரிந்துவிட்டது. அவர் உன் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். நீ வீறிட்டு அழுதாய். அவர் கண்ணிலும் தண்ணீர். இருந்தாலும் பிரிந்த ஓரத்தைத் தன் கட்டைவிரலால் அழுத்தி, அது ஒட்டிக்கொள்ளும்வரை விரலை எடுக்கவில்லை.